ஜன்னலில் இருந்த படம்

அன்புள்ள கண்ணம்மா,

நேற்று போனில் நான் அப்படிக் கத்தியிருக்கக் கூடாது. நீ வைத்த பிறகு அப்பா ஒன்றும் சொல்லவில்லை, தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். ராத்திரி முழுக்கத் தூக்கம் வரவில்லை. மறுபடி போன் செய்தால் சண்டையிலோ அழுகையிலோ போய் நிற்கும் என்று இதை எழுதுகிறேன்.

நீ சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. மே 3 ராத்திரி மெழுகுவர்த்தி ஊர்வலத்தில் நடப்பேன், பிறகு அந்த நாலு பேர் விழுந்த இடத்தில் முறைவைத்து நிற்பவர்களோடு நிற்பேன், அதற்கடுத்த வாரம் போர் எதிர்ப்புக் கூட்டத்தில் பேசுவேன் என்றாய். "உனக்கு எதற்கு இதெல்லாம், உன் வேலையைப் பார்" என்றேன். இருபது வருடத்துக்கு முன்னால் எனக்கு நானே சொல்லிக்கொண்ட வார்த்தை அது. அது என் வாயில் எப்படி வந்து உட்கார்ந்தது என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

உன்னை ஒஹாயோவின் கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் விட நாங்கள் நியூஜெர்சி எடிசனிலிருந்து ஏழு மணி நேரம் கார் ஓட்டி வந்தோமே, ஞாபகம் இருக்கிறதா? சாமான் இறக்கிவிட்டு மாலையில் நடக்கப் போனோம். பார்க்கிங்கில் கார்களுக்கு நடுவே நாலு இடங்களை மட்டும் தடுத்து வைத்திருந்தார்கள். 1970 மே 4 மதியம் 12:24க்கு வியட்நாம் போரை எதிர்த்துக் கூடியிருந்த மாணவர்களைத் தேசியக் காவல் படைக்காரர்கள் மேட்டிலிருந்து சுட்டார்கள், 13 விநாடியில் 67 குண்டுகள், நாலு மாணவர்கள் செத்தார்கள், ஒன்பது பேருக்குக் காயம் என்று நீதான் சொன்னாய். செத்தவர்களில் ஒரு பெண் கூட்டத்திலேயே இல்லை, வகுப்புக்கு நடந்து போய்க்கொண்டிருந்தவள் என்றும் சொன்னாய். அங்கிருந்த இரும்புச் சிற்பத்தில் குண்டு துளைத்த ஓட்டையில் அப்பா விரலை வைத்துப் பார்த்தார். சரிவில் 58,175 டாஃபடில் கிழங்குகள் நட்டிருக்கிறார்கள், வியட்நாமில் செத்த அமெரிக்க வீரர்களின் கணக்கு அது என்றாய். நாம் போனது ஆகஸ்ட், வெறும் புல்தான் தெரிந்தது.

அன்றைக்கு நீ சொன்னதில் என்னை மிகவும் உறுத்தியது வேறொன்று. சுட்ட சில நாட்களில் கேலப் கருத்துக்கணிப்பு எடுத்தபோது, 58 சதவீதம் பேர் மாணவர்கள்மேல்தான் தப்பு என்றார்களாம். காவல் படைமேல் தப்பு என்றவர்கள் 11 சதவீதம். செத்த பிள்ளைகளின் அம்மாக்கள் அவரவர் ஊரில் காய்கறி வாங்கப் போயிருப்பார்கள் இல்லையா? வரிசையில் முன்னால் நிற்பவர் அந்த 58இல் ஒருவரா என்று நினைக்காமல் நின்றிருக்க முடியுமா? நாலு நாள் கழித்து நியூயார்க்கில், செத்தவர்களுக்காக மேயர் அரைக்கம்பத்தில் இறக்கிய கொடியை மறுபடி ஏற்றச் சொல்லிக் கட்டிடத் தொழிலாளர்கள் மாணவர்களை ஓட ஓட அடித்தார்கள். அவர்களில் பலர் அப்போது எழும்பிக்கொண்டிருந்த இரட்டைக் கோபுரங்களில் வேலை செய்தவர்கள். அவர்கள் வீட்டுப் பையன்கள்தான் வியட்நாமுக்கு அதிகம் போனார்கள். காலேஜில் இருந்த பையன்களுக்குக் கட்டாய ராணுவ சேவையிலிருந்து தள்ளிவைப்பு கிடைத்தது. அந்தக் கோபத்தில் ஒரு நியாயம் இருந்தது, அது போய் விழுந்த இடம்தான் தப்பு.

அந்தக் கோபுரங்கள் விழுந்தபோது உனக்கு ஒன்பது வயது. நான்கு நாளில் அரிசோனாவின் மேசாவில் பெட்ரோல் பங்க் வைத்திருந்த ஒரு சீக்கியரைத் தலைப்பாகையைப் பார்த்துச் சுட்டுக் கொன்றார்கள். மறுநாள் அப்பா காரின் பின்கண்ணாடியில் கொடி ஸ்டிக்கர் ஒட்டினார். "நாம் இந்த ஊர்க்காரர்கள் ஆகிவிட்டோமா?" என்று நீ கேட்டாய். ஆமாம் என்று சொன்னேன். உண்மையில் பயம்தான்.

2003 பிப்ரவரி 5 அன்று வெளியுறவு அமைச்சர் காலின் பவல் ஐ.நா. சபையில், ஈராக்கிடம் பேரழிவு ஆயுதம் இருக்கிறது என்று சொல்லி ஒரு சின்னக் குப்பியைத் தூக்கிக் காட்டினார். ஆபீஸ் கேன்டீனில் எல்லோரும் நின்றுகொண்டே பார்த்தோம். நான் நம்பினேன், கண்ணு. இவ்வளவு பெரிய மனிதர் உலகத்துக்கு முன்னால் உட்கார்ந்து பொய்யான விஷயத்தைச் சொல்வாரா என்று நினைத்தேன். பத்து நாள் கழித்து, பிப்ரவரி 15 சனிக்கிழமை, கூட வேலை பார்த்த ஒரு அம்மாள் என்னை நியூயார்க்கில் நடந்த போர் எதிர்ப்புக் கூட்டத்துக்குக் கூப்பிட்டாள். எடிசனில் ரயில் ஏறினால் ஒரு மணி நேரம். நமக்கோ ஹெச்-1பி விசா, கிரீன் கார்டு மனு உள்ளே இருந்தது. தலைவலி என்று சொல்லிவிட்டேன்.

திங்கட்கிழமை வந்து அவள் சொன்னாள். ஊர்வலத்துக்கு அனுமதி தரவில்லை, கூட்டம் நடத்த மட்டும்தான் அனுமதி. உறையும் குளிரில் போலீஸ் தடுப்புகளுக்குப் பின்னால் லட்சக்கணக்கானவர்கள் நின்றார்கள். ஃபர்ஸ்ட் அவென்யூ மேடைப் பக்கமே போக முடியாமல் பல பேர் பக்கத்துத் தெருக்களில் மாட்டிக்கொண்டார்கள். உலகம் முழுக்க எத்தனையோ நகரங்களில் அதே நாளில் கூட்டம் நடந்தது. நம் வீட்டு டிவியில் அது கொஞ்ச நேரம் வந்தது, பிறகு மறுபடி வரைபடம், அம்புக்குறி, ரிட்டயர்டு ஜெனரல்கள். எங்கே எந்த டாங்கி நிற்கும் என்று சொன்னார்கள். போகத்தான் வேண்டுமா என்று கேட்பவர்களை நான் அதிகம் பார்க்கவில்லை. பிப்ரவரி கடைசியில் எம்எஸ்என்பிசி ஃபில் டோனஹியூவின் நிகழ்ச்சியை நிறுத்தியது. அந்தச் சேனலில் அதிகம் பேர் பார்த்த நிகழ்ச்சி அது. அவர் போர் வேண்டாம் என்பவர்களைக் கூப்பிட்டுப் பேச வைப்பார், போர் சமயத்தில் அப்படி ஒரு முகம் சேனலுக்குச் சங்கடம் என்று உள்ளே எழுதி வைத்திருந்தது பிறகு வெளியே வந்தது.

போர் தொடங்கிய ஆறேழு மாதத்தில் மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்த ஆய்வாளர்கள் கணக்கு எடுத்தார்கள். பேரழிவு ஆயுதம் கிடைத்துவிட்டது, சதாமுக்கும் அல்-காய்தாவுக்கும் தொடர்பு நிரூபணமாகிவிட்டது, உலக மக்கள் போரை ஆதரிக்கிறார்கள். இந்த மூன்றும் தப்பு. ஃபாக்ஸ் செய்திச் சேனல் பார்த்தவர்களில் 80 சதவீதம் பேர் இவற்றில் ஒன்றையாவது நம்பினார்கள். பொது வானொலி, பொதுத் தொலைக்காட்சிக்காரர்களில் 23 சதவீதம். ஃபாக்ஸ் பார்ப்பவர்களைப் பற்றி நாம் ஏதாவது பேசுவதற்கு முன்னால் இதையும் கேள்: நம் வீட்டில் ஓடியது சிஎன்என், அதைப் பார்த்தவர்களிலும் 55 சதவீதம் பேர் அப்படித்தான் நம்பினார்கள். அந்த 55இல் உன் அம்மாவும் ஒருத்தி. 2004 மே மாதம் நியூயார்க் டைம்ஸ் தன்னுடைய செய்திகள் சரியாகச் சோதிக்கப்படாமல் போனதை ஒப்புக்கொண்டு உள்பக்கத்தில் ஒரு குறிப்பு போட்டது. அதற்குள் போர் தொடங்கி ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது.

இனிமேல்தான் நான் சொல்ல வந்தது. 2005இல், உனக்குப் பதின்மூன்று வயதில், முன்ஜன்னலில் ஒரு படம் ஒட்டினாய். மஞ்சள் சார்ட்டில் பெரிய புறா, கீழே "வீரர்களை வீட்டுக்கு அழைத்து வாருங்கள்" என்று ஆங்கிலத்தில். எதிர்வீட்டு அம்மாளின் பையன் அப்போது ஈராக்கில் இருந்தான். அவன் பத்திரமாகத் திரும்பி வர வேண்டும் என்பதற்கு அடையாளமாக அவர்கள் மரத்தில் மஞ்சள் ரிப்பன் கட்டியிருந்தது. முன்னால் எல்லாம் பனி வாரும்போது நம் நடைபாதையையும் சேர்த்து வாரிவிடுபவள், படம் வந்த மறுநாள் என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி காரில் ஏறினாள். ஐந்தாம் நாள் நீ ஸ்கூலிலிருந்து வந்து படம் எங்கே என்றாய். டேப் பிடிக்கவில்லை, விழுந்துவிட்டது, குப்பையில் போட்டுவிட்டேன் என்றேன். விழவில்லை கண்ணம்மா. ராத்திரி நான்தான் எடுத்தேன். நீ வேறு படம் வரையவே இல்லை. நான் கவனித்தேன், ஆனால் எதுவும் கேட்கவில்லை.

2006இல் அந்தப் பையன் திரும்பி வந்தான். எலுமிச்சை சாதமும் வடையும் எடுத்துக்கொண்டு போனேன். அவன் மாடியை விட்டு இறங்கவில்லை. டிவி சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. அவன் அங்கே இருந்த வரைக்கும் ராத்திரி பகல் அணைத்ததே இல்லை, கீழே ஓடுகிற எழுத்துக்காகத்தான் என்றாள் அவன் அம்மா. எந்த ஊரில் எத்தனை பேர் என்று அதில்தான் முதலில் வருமாம். செத்த வீரர்களின் சவப்பெட்டிகள் டோவர் விமானப் படைத் தளத்தில் வந்து இறங்குவதைப் படம் எடுக்க 1991லிருந்து 2009 வரை தடை இருந்தது. அவளுக்கு அந்த ஒற்றை வரி எழுத்துதான். நானோ அந்த வீட்டு ஜன்னலில் நீலமாக மினுங்கும் வெளிச்சத்தைப் பார்த்து, இவர்கள் போர் வெறி பிடித்தவர்கள் என்று இரண்டு வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கிளம்பும்போது கேட்டாள்: "உங்கள் பெண் ஒரு படம் வைத்திருந்தாளே, ஏன் எடுத்துவிட்டீர்கள்?" உங்களுக்குக் கஷ்டமாக இருக்குமே என்று இழுத்தேன். "கோபம் வந்தது உண்மைதான். ஆனால் அதில் எழுதியிருந்ததைத்தானே நானும் தினமும் வேண்டிக்கொண்டேன்? எங்களைப் பார்க்கிறவர்கள் ஒன்று, சேவைக்கு நன்றி என்பார்கள், இல்லையென்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். உட்கார்ந்து என்ன ஆயிற்று என்று கேட்டவர்கள் யாரும் இல்லை" என்றாள்.

அதனால் நீ போ. உன்னைத் தடுக்க எனக்கு எந்த யோக்கியதையும் இல்லை. பயம் மட்டும் இருக்கிறது, அது இருக்கத்தான் செய்யும். உன் கையில் சிட்டிசன்ஷிப் இருக்கிறது, எனக்கு அன்று இல்லாதது. ஆனால் உன்னோடு நிற்கும் பிள்ளைகளில் ஸ்டூடண்ட் விசாவில் இருப்பவர்கள் முன்வரிசைக்குப் போக வேண்டாம் என்று எடுத்துச் சொல். எதிர்ப்பக்கத்தில் கொடியோடு யாராவது நின்றால், போனில் படம் எடுத்துப் போடுவதற்கு முன்னால், முடிந்தால் ஒரு வார்த்தை பேசிப் பார். எல்லோரும் பேசுவார்கள் என்று நான் சொல்லவில்லை. ஒருவர் பேசலாம். உன் போனில் வருவதும் உனக்குப் பிடித்தது மட்டுமாகத்தான் வரும், என் டிவி போலவே. மற்றவர்கள் போனில் என்ன வருகிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்.

ஸ்வெட்டர் போட்டுக்கொள், ஒஹாயோவில் மே மாதத்திலும் ராத்திரி குளிரும். அப்பா பருப்புப் பொடியும் ஊறுகாயும் கட்டி வைத்திருக்கிறார்.

அந்தப் படத்தை நான் குப்பையில் போடவில்லை. கிரீன் கார்டு ஃபைலுக்குள் நாலாக மடித்து வைத்திருந்தேன், இத்தனை வருடமும் அங்கேயேதான் இருந்தது. மஞ்சள் வெளுத்துவிட்டது, புறாவின் ஒரு இறக்கை மடிப்பில் கிழிந்திருக்கிறது. இரண்டு பக்கமும் அட்டை வைத்து இதோடு அனுப்புகிறேன். பார்த்துப் பிரி.

அம்மா