பையன் கிக்கர் ஆகப் போகிறானாம்

நேப்பர்வில்
15 பிப்ரவரி 2025

அன்புள்ள மாப்பிள்ளை,

தீபாவளிக்குப் பிறகு உனக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. கோபம் இருக்கும். திட்டுவதை இதைப் படித்து முடித்த பிறகு வைத்துக்கொள். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாக உன் தங்கை சொன்னாள், சந்தோஷம். இங்கே எல்லோரும் சுகம். நீ விட்டுப்போன கறிவேப்பிலைத் தொட்டி இந்தக் குளிரையும் தாண்டிவிட்டது. 

நம் ஊர் நார்த் சென்ட்ரல் காலேஜின் அமெரிக்கன் ஃபுட்பால் பையன்கள் டிவிஷன் த்ரீ (சின்னக் காலேஜ்களுக்கான பிரிவு) இறுதி ஆட்டத்தில் ஜெயித்தது உனக்குத் தெரிந்திருக்கும். ஜனவரி 5, ஹூஸ்டன். நார்த் சென்ட்ரல் 41, மவுன்ட் யூனியன் 25. இந்த சீசனில் 15 ஆட்டம், 15 வெற்றி. அரையிறுதியில் சஸ்குவஹானாவை 66-0 என்று அடித்தபோது எனக்கே பாவமாக இருந்தது. 2019, 2022, இப்போது 2024 சீசன், ஆக மூன்று கோப்பை. அதுவும் யாரை ஜெயித்து? பதின்மூன்று முறை சாம்பியன் ஆன மவுன்ட் யூனியனை. போன ஞாயிறு தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லின் இறுதி ஆட்டம் சூப்பர் பௌலை ஜெயித்த ஈகிள்ஸ் கோச் சிரியானி அந்தக் காலேஜில் விளையாடியவர்தானே! அன்று டிவியில் அவரைக் காட்டும்போதெல்லாம் என் பையன், "அப்பா, இவர் காலேஜை நாம ஜெயிச்சோம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தான்.

அவனைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். அதற்கு முன்னால் நம் அணியின் குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவன்) லூக் லேனன் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நாம் போனில் போட்ட சண்டையை நான் மறக்கவில்லை. "நல்ல பையன்தான், ஆனால் இதற்கு மேல் எங்கே போவான்?" என்று நீ கேட்டாய். டிவிஷன் த்ரீயின் சிறந்த ஆட்டக்காரருக்குத் தரும் காலியார்டி விருதை இரண்டு வருடம் தொடர்ந்து வாங்கியவன் அவன். என்எஃப்எல்லில் இடம் கிடைக்குமா? குவார்ட்டர்பேக்குக்குக் கஷ்டம்தான், ஒப்புக்கொள்கிறேன். சின்னக் காலேஜிலிருந்து மேலே போகிறவர்களில் அதிகம் பேசப்படுகிறவர்கள் முன்வரிசைத் தடியன்கள். ஒயிட்வாட்டர் என்ற இன்னொரு டிவிஷன் த்ரீ காலேஜின் குவின் மைனர்ஸையே எடுத்துக்கொள். 2020-ல் கோவிட்டால் அவனுக்கு சீசனே இல்லை. காட்டில் மரத்தைத் தூக்கிப் பயிற்சி செய்தான், காலேஜ் முடிப்பவர்கள் என்எஃப்எல் ஆட்களுக்குத் தங்களைக் காட்டும் சீனியர் பௌல் பயிற்சியில் வயிறு தெரிய நின்று எல்லோரையும் தள்ளினான், அணிகள் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் டென்வர் அணி மூன்றாவது ரவுண்டில் எடுத்தது. இந்த வருடம் லீக்கின் சிறந்தவர்கள் பட்டியலான ஆல்-ப்ரோவில் முதல் அணி. மூன்று நாள் பயிற்சியைப் பார்த்தாலே அவன் பலம் தெரிந்துவிடும். குவார்ட்டர்பேக்கை அப்படி மூன்று நாளில் எடைபோட முடியாது.

நம் பழைய குவார்ட்டர்பேக் பிராக் ரட்டருக்கு என்ன ஆயிற்று? இதே ஊர் நியூக்வா வேலி பள்ளிப் பையன், முதல் கோப்பையை வாங்கித் தந்தவன். 2020-ல் என்எஃப்எல் அணியான ஃபார்ட்டிநைனர்ஸ் சேர்த்துக்கொண்டார்கள். அந்த வருடம் பார்த்து கோவிட்டால் சீசனுக்கு முந்தைய ப்ரீசீசன் ஆட்டங்கள் எல்லாம் ரத்து. டிராஃப்டில் எடுக்கப்படாத ஒரு பையன் தன்னைக் காட்டுவதற்கு இருக்கும் ஒரே மேடை அதுதான். அது இல்லாமலே அனுப்பிவிட்டார்கள். எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. லேனனுக்காவது நாலு ஆட்டம் ஆட விடட்டும். தேறாவிட்டால் பிறகு சொல்லட்டும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பையனுக்கு அர்பானாவில், இல்லினாய் யூனிவர்சிட்டியில், இன்ஜினியரிங் சீட் கிடைத்துவிட்டது. வீட்டில் பாயசம் எல்லாம் ஆயிற்று. மறுநாள் காலை சாப்பிட உட்கார்ந்தவன், "நான் நார்த் சென்ட்ரல் போறேன், டீம்ல பந்தை உதைக்கிற கிக்கரா ட்ரை பண்ணப் போறேன்" என்றான். தோசைக்கரண்டி அப்படியே நின்றுவிட்டது. அவன் அம்மா அன்றிலிருந்து என்னோடுதான் பேசுவதில்லை, அவனோடு பேசுகிறாள்.

டிவிஷன் த்ரீயில் விளையாட்டுக்கென்று ஒரு டாலர்கூட உதவித்தொகை தரக்கூடாது. உனக்கே தெரியும். மார்க்குக்கும் குடும்ப வருமானத்துக்கும் தருவதுதான். நூறு பேருக்கு மேல் இருக்கும் அணியில் முதல் வருடம் இவன் மைதானத்தில் இறங்குவதே சந்தேகம். இதையெல்லாம் சொன்னேன். "அங்க இருக்கிற எல்லாரும் அப்படித்தானேப்பா வந்திருக்காங்க" என்றான். எனக்குப் பதில் வரவில்லை.

ஏன் என்று கேட்டால், நானே பார்த்திருக்கிறேன். நவம்பரில் ஒரு ஆட்டம் முடிந்ததும் கீழே மைதானத்துக்குப் போனோம். முன்வரிசை ஆட்டக்காரன் ஒருவன், நம் பையனைப்போல் இரண்டு மடங்கு இருப்பான், விரலில் சுற்றிய டேப்பைப் பல்லால் பிரித்துக்கொண்டே திங்கட்கிழமை அக்கவுன்டிங் தேர்வு பற்றி இவனிடம் புலம்பினான். நகமெல்லாம் கறுத்திருந்தது. அவன் பாட்டி பக்கத்தில் கம்பளியோடு நின்றிருந்தாள். இவன் கண்ணை எடுக்காமல் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான். அன்றைக்கே நான் புரிந்துகொண்டிருக்க வேண்டும்.

இல்லை, அதற்கும் முன்பே. 2023 டிசம்பரில் இறுதி ஆட்டத்தில் கார்ட்லண்ட் காலேஜிடம் 38-37 என்று தோற்றோமே, ஞாபகம் இருக்கிறதா? கடைசியில் டச்டவுன் போட்டாயிற்று. அதன் பிறகு பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் ஒரு பாயின்ட், ஆட்டம் சமன், கூடுதல் நேரம். நம்மவர்கள் உதைக்காமல், நேரே ஜெயிக்க, பந்தை மறுபடி கோட்டைத் தாண்டிக் கொண்டுபோகும் இரண்டு பாயின்ட்டுக்குப் போனார்கள், கிடைக்கவில்லை. நீ வீடியோ காலில் "தைரியமான முடிவு" என்றாய். இவன் தரையில் உட்கார்ந்து, "உதைச்சிருக்கலாம், உதைச்சிருக்கலாம்" என்று அழுதான். அடுத்த வாரம் கராஜில் பழைய போர்வையைத் தொங்கவிட்டு உதைக்க ஆரம்பித்தவன் இன்றுவரை நிறுத்தவில்லை. ராத்திரி பத்து மணிக்கும் அந்தத் தொம் தொம் சத்தம் கேட்கிறது.

எல்லாவற்றுக்கும் ஆரம்பம் நீதான் மாப்பிள்ளை. 2019-ல் பன்னிரண்டு வயதுப் பையனை, என்னிடம் சொல்லாமல் மழையில் அந்த ஸ்டேடியத்துக்கு அழைத்துப்போனது யார்? சிவப்புத் தொப்பி வாங்கித் தந்தது யார்? அந்தத் தொப்பி இப்போது அவன் தலைக்குப் பற்றவில்லை, கட்டில் கம்பியில் மாட்டி வைத்திருக்கிறான்.

மே 1-க்குள் பதில் சொல்ல வேண்டும். அர்பானாவை விடு என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. போகாதே என்று சொல்லவும் மனம் வரவில்லை. ஐந்து வருடம் அந்த பெஞ்சில் உட்கார்ந்து கைதட்டிவிட்டு, என் பையன் என்றதும் எப்படி வேண்டாம் என்பேன்? நான் சொன்னால் அப்பா சொன்னதாகத்தான் எடுத்துக்கொள்வான். உன்னிடம் மனம்விட்டுப் பேசுவான்.

அடுத்த ஞாயிறு காலை உன் நேரம் ஏழு மணிக்குக் கூப்பிடு, இங்கே சனி இரவு ஏழரை. போனை அவனிடமே கொடுத்துவிடுகிறேன். அவன் கராஜில்தான் இருப்பான், அதனால் இரண்டு மூன்று தடவை விடாமல் அடி.

உன் மச்சான்