ஒரே நவம்பர் 1, ஒரே பிரெஞ்சு அரசு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புதுச்சேரி விடுதலை நாளையொட்டி நீங்கள் வெளியிட்ட சிறப்புப் பக்கத்தை முழுசாகப் படித்தேன். இப்போதெல்லாம் யாரும் இந்த நாளை நினைப்பதுகூட இல்லை, நீங்கள் ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியிருக்கிறீர்கள், அதற்கு முதலில் நன்றி. ஆனால் அந்தக் கட்டுரையில் வந்த ஒரு கருத்தை என்னால் அப்படியே விழுங்க முடியவில்லை. வெள்ளைக்காரர்களிலேயே பிரெஞ்சுக்காரர்கள் நாகரிகமானவர்கள், சண்டை சச்சரவு இல்லாமல், ஒரு சொட்டு ரத்தம் சிந்தாமல் கைகுலுக்கிவிட்டுக் கப்பல் ஏறினார்கள் என்கிற மாதிரி எழுதியிருக்கிறார்கள். நான் நெட்டப்பாக்கம் பக்கத்துக்காரன். பிரெஞ்சுக்காரன் ஆண்ட மண்ணிலேயே பிறந்து வளர்ந்த குடும்பம். இந்தப் பேச்சை எங்கள் ஊர்த் திண்ணைகளிலும் கேட்டிருக்கிறேன், சுற்றுலாவுக்கு வருகிறவர்கள் கடற்கரைச் சாலையில் நின்று சொல்லியும் கேட்டிருக்கிறேன். பத்திரிகையிலேயே அச்சாகி வந்த பிறகு சும்மா இருக்க மனசு வரவில்லை.

முதலில் அந்தத் தேதியையே பாருங்கள். 1954 நவம்பர் 1. அன்று காலை புதுச்சேரியில் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. பிரெஞ்சுக்கொடி இறங்கியது, மூவர்ணக்கொடி ஏறியது, இந்தியாவின் தலைமை ஆணையராகக் கேவல் சிங் பொறுப்பேற்றார். நீங்கள் போட்டிருந்த படங்கள் அந்தக் காலத்தவைதான். அதே நவம்பர் 1-ம் தேதி, விடிவதற்கு முன்பே, வட ஆப்பிரிக்காவில் அல்ஜீரியாவின் பல ஊர்களில் குண்டுகள் வெடித்தன. தேசிய விடுதலை முன்னணி என்ற அமைப்பு பிரெஞ்சு ஆட்சிக்கு எதிரான போரை அன்றுதான் தொடங்கியது. ஏழரை ஆண்டுக்கு மேல் நடந்த போர் அது. செத்தவர்கள் 15 லட்சம் என்பது அல்ஜீரிய அரசு சொல்லும் கணக்கு, வரலாற்றாசிரியர்கள் பலர் அதைவிடக் குறைவாகச் சொல்கிறார்கள், எப்படிப் பார்த்தாலும் லட்சக்கணக்கில் போய்விட்டது. கிராமம் கிராமமாக மக்களைக் காலி செய்து முகாம்களில் அடைத்தார்கள். பிடிபட்டவர்களைச் சித்திரவதை செய்தார்கள். இதையெல்லாம் பிற்பாடு பிரெஞ்சுத் தளபதிகளில் சிலரே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

இரண்டு இடத்திலும் அதே பிரெஞ்சு அரசுதான், அதே பிரதமர்தான். பியேர் மான்டெஸ் பிரான்ஸ் என்பவர் அந்த ஆண்டு ஜூனில்தான் பதவிக்கு வந்திருந்தார். புதுச்சேரியை ஒப்படைக்கும் ஒப்பந்தம் டெல்லியில் கையெழுத்தானது அக்டோபர் 21-ல். மூன்றே வாரத்தில், நவம்பர் 12 அன்று, அவரே பிரெஞ்சு நாடாளுமன்றத்தில் எழுந்து, அல்ஜீரியா பிரான்சின் ஒரு பகுதி, அதை மாற்ற முடியாது, அங்கே விட்டுக்கொடுக்கும் பேச்சுக்கே இடமில்லை என்று பேசினார். நாகரிகம் காரணம் என்றால் அந்த நாகரிகம் மூன்று வாரத்தில் எங்கே போனது?

காரணம் வேறு. அல்ஜீரியாவில் 1830-ல் நுழைந்த பிரான்ஸ் நல்ல விளைநிலங்களைப் பிடுங்கி ஐரோப்பியர்களைக் குடியேற்றியது. 1954-ல் அங்கே பத்து லட்சம் ஐரோப்பியர்கள் இருந்தார்கள். அல்ஜீரிய முஸ்லிம்கள் எண்பது லட்சத்துக்கும் மேல். 1947-ல் ஒரு சட்டம் கொண்டுவந்து அல்ஜீரியாவுக்கென்று ஒரு சபை அமைத்தார்கள், மொத்தம் 120 இடம், அதில் 60 அந்தப் பத்து லட்சம் பேருக்கு, மீதி 60 இந்த எண்பது லட்சத்துக்கு. அந்தத் தேர்தலையும் ஒழுங்காக நடத்தவில்லை. புதுச்சேரியில் அப்படிக் குடியேறிய கூட்டம் கிடையாது. அதிகாரிகள், பாதிரியார்கள், ஆலைக்காரர்கள், சில குடும்பங்கள், அவ்வளவுதான். இந்தியாவின் நடுவில் துண்டு துண்டாகச் சிதறிக் கிடந்த நிலத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு அவர்களுக்கு ஆகவேண்டியது ஒன்றுமில்லை.

அப்புறம் வியட்நாம், அதுவும் பிரெஞ்சுக்காரன் ஆண்ட நாடுதான். 1954 மே 7-ம் தேதி அங்கே பிரெஞ்சுப் படையின் தியன் பியன் பூ கோட்டை விழுந்தது. அடிமைப்படுத்திய நாடுகளில் பிரெஞ்சுப் படை அப்படி ஒரு அடி வாங்கியதில்லை. ஜூலையில் ஜெனிவாவில் உட்கார்ந்து அங்கிருந்து வெளியேறச் சம்மதித்தார்கள். கிழக்கே இருந்த பெரிய சொத்தே கைவிட்டுப் போன பிறகு, அதற்குப் போகிற வழியில் இருந்த புதுச்சேரி எதற்கு? எங்கள் ஊர் ஆட்கள் எத்தனையோ பேர் சைகோனில் பிரெஞ்சு அரசாங்க வேலையில் இருந்தவர்கள், படையில் இருந்து திரும்பி வந்து 'சொல்தா' என்று பெயர் வாங்கியவர்கள், அவர்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும். வியட்நாம் விவசாயி அங்கே சண்டை போட்டு ஜெயித்ததில் எங்கள் விடுதலைக்கும் ஒரு பங்கு இருக்கிறது. இதை நம் பாடப்புத்தகங்கள் ஏனோ சேர்த்துச் சொல்வதே இல்லை.

சரி, ஒரு சொட்டு ரத்தம் சிந்தாமல் என்கிறீர்களே, அதற்கு வருகிறேன். 1936 ஜூலை 30-ம் தேதி, புதுச்சேரி சவானா ஆலையில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. பன்னிரண்டு பேர் செத்தார்கள். என்ன பெரிதாகக் கேட்டார்கள்? வேலை நேரத்தைக் குறை, சங்கம் வைக்க விடு, கூலியைக் கூட்டிக் கொடு. பாரிசில் அப்போது தொழிலாளர் ஆதரவுடைய மக்கள் முன்னணி அரசுதான் நடந்துகொண்டிருந்தது, அங்கே தொழிலாளிக்குச் சம்பளத்தோடு விடுமுறை கொடுத்துச் சட்டம் போட்ட அதே கோடையில் இங்கே அவர்களுடைய நிர்வாகம் சுட்டது. இந்தப் பன்னிரண்டு பேர் சிந்திய ரத்தத்துக்கு அப்புறம்தான் எட்டு மணி நேர வேலையும் தொழிற்சங்க உரிமையும் வந்தன. தொழிற்சங்கத் தலைவர் வ. சுப்பையா அதற்காக பிரான்சு வரைக்கும் போய் வாதாடினார். இன்றைக்கும் ஜூலை 30 அன்று சங்கத்துக்காரர்கள் மாலை போடுகிறார்கள், மறுநாள் பத்திரிகையில் இரண்டு வரி வருகிறது. நான் சொல்ல வந்தது இதுதான், அந்த இரண்டு வரியும் உங்கள் நவம்பர் 1 பக்கத்தில் இல்லை.

பாரதியாருக்கு 1908-லிருந்து பத்து ஆண்டு அடைக்கலம் கொடுத்த ஊர், அரவிந்தரும் வ.வே.சு. ஐயரும் வந்து தங்கிய ஊர் என்று கட்டுரையில் எழுதியிருந்தீர்கள். உண்மை. எங்களுக்கு அதில் பெருமை உண்டு, நான் மறுக்கவில்லை. ஆனால் அடைக்கலம் என்பது பிரிட்டிஷ்காரனை எதிர்த்து வந்தவர்களுக்கு. பிரெஞ்சுக்காரனையே எதிர்த்துப் பேசியவர்களுக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை. சுப்பையா சிறையில் இருந்தார், நாடு கடத்தப்பட்டார். 1947-க்குப் பிறகு இந்தியாவோடு இணைய வேண்டும் என்று ஊர்வலம் போனவர்கள் அடியாட்களிடம் உதை வாங்கியிருக்கிறார்கள். எங்கள் பக்கத்துக் கிராமங்களில் அந்த நாட்களைப் பற்றிக் கேட்டால் பெரியவர்கள் முதலில் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள், அப்புறம்தான் பேசுகிறார்கள்.

இதையெல்லாம் எனக்குச் சொன்னது என் பெரியம்மா. வயது 84. 1954-ல் 13. அவருடைய அம்மா பிறந்த ஊர் ஏரிக்கு அந்தப் பக்கம், இந்தியாவின் எல்லைக்குள். நடந்தால் அரை மணி நேரம்கூட ஆகாது. 1949-ல் இந்தியாவுக்கும் பிரெஞ்சுப் பகுதிக்கும் இருந்த சுங்க ஒப்பந்தம் காலாவதியான பிறகு அந்த ஏரிக்கரை இரண்டு நாட்டுக்கு எல்லை ஆகிவிட்டது. சுங்கக் கேட்டில் நிற்கிற ஆள் தலையில் இருக்கும் மூட்டையை இறக்கச் சொல்வான். ஒரு முறை தாய்மாமன் வீட்டுக் காதுகுத்துக்குப் போகும்போது புதுச்சேலை இரண்டு வைத்திருந்தார்களாம். கடத்தல் என்று பிடுங்கிக்கொண்டால் என்ன செய்வது என்று, அம்மா ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டையும் கட்டிக்கொண்டு, அந்த வெயிலில் வேர்க்க விறுவிறுக்க நடந்து போனதைப் பெரியம்மா இன்றைக்கும் சொல்வார். கேட்டைத் தாண்டி ஒரு புளியமரம், அதன் அடியில் நின்று மேல்சேலையை அவிழ்த்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்களாம். அந்தப் பக்கத்தை எங்கள் ஊர்க்காரர்கள் அப்போதும் 'இங்கிலீஷ்காரன் எல்லை' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள், இங்கிலீஷ்காரன் போய் ஆண்டுக்கணக்கான பிறகும்.

1954-ல் நடந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். மார்ச்சில் புதுச்சேரியைச் சேர்ந்த மேயர்கள், எங்கள் வழக்கில் மேர்கள், வாக்கெடுப்பே வேண்டாம், உடனே இந்தியாவோடு சேர வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். அதுவரை பிரெஞ்சுக்காரர்களுக்கு வலது கையாக இருந்த எதுவார் குபேர் பக்கம் மாறி, மார்ச் 31 அன்று நெட்டப்பாக்கத்தில் கொடி ஏற்றி, தற்காலிக அரசு என்று அறிவித்தார். பெரியம்மாவுக்கு அந்தக் கூட்டம் நினைவிருக்கிறது, கொடியைவிட ஆளுக்கு ஒரு துண்டு வெல்லம் கொடுத்ததுதான் நன்றாக நினைவிருக்கிறது என்பார். குபேர் அத்தனை காலம் பிரெஞ்சுக்காரர்களோடு இருந்துவிட்டுக் கடைசியில் வந்தவர் என்று திட்டுகிறவர்கள் எங்கள் பக்கத்தில் உண்டு, எனக்கும் அந்த வருத்தம் உண்டு, ஆனாலும் அவர் மாறாவிட்டால் இது இன்னும் இழுத்திருக்கும். மற்ற பிரெஞ்சுப் பகுதிகளில் ஜூனில் ஏனாம் போனது, ஜூலை 16-ல் மாஹேயை விட்டு பிரெஞ்சு நிர்வாகி கிளம்பினார். இந்தப் பக்கம் இந்தியா எல்லையை இறுக்கிக்கொண்டே வந்தது. ஊர் ஊராகக் கையை விட்டுப் போன பிறகுதான் அவர்கள் பேச்சுவார்த்தை மேசைக்கு வந்தார்கள்.

பிரெஞ்சு அரசியல் சட்டப்படி மக்கள் சம்மதம் இல்லாமல் நிலத்தை விட்டுக்கொடுக்க முடியாது. அதனால் அக்டோபர் 18 அன்று புதுச்சேரியைச் சேர்ந்த கீழூர் கிராமத்தில் ஒரு கொட்டகை போட்டு, மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட 178 பேரைக் கூட்டி வாக்கெடுத்தார்கள். 170 பேர் இணைய வேண்டும் என்றார்கள், 8 பேர் வேண்டாம் என்றார்கள். வங்காளத்தில் பிரெஞ்சுக்காரர்கள் வைத்திருந்த சந்திரநாகூரில் 1949 ஜூனில் மக்களே நேராக ஓட்டுப் போட்டார்கள், 7,473 பேர் இணைப்புக்கு ஆதரவு, எதிர்த்தவர்கள் 114 பேர். எங்களுக்கு அந்த வாய்ப்பு கிடைக்கவில்லை என்ற குறை பழைய ஆட்களிடம் இருக்கிறது. கேட்டிருந்தால் நாங்களும் அதே பதிலைத்தான் சொல்லியிருப்போம், ஆனால் கேட்டிருக்கலாமே.

இன்னொன்று. நவம்பர் 1-ல் எல்லாம் முடிந்துவிட்டதாக நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். முடியவில்லை. ஒப்படைப்பு உடன்படிக்கை 1956 மே 28-ல்தான் கையெழுத்தானது. அதற்குப் பிறகும் பிரெஞ்சு நாடாளுமன்றம் அதை ஏற்காமல் ஆறு ஆண்டு இழுத்தது. ஏன்? புதுச்சேரியைச் சட்டப்படி எழுதிக் கொடுத்தால், அதையே அல்ஜீரியர்களும் கேட்பார்களே என்ற பயம். அவர்கள் அங்கே சண்டை போட்டு, செத்து, 1962 மார்ச்சில் பிரான்சின் எவியான் ஊரில் உடன்பாடு வந்து, ஜூலை 1-ல் மக்கள் வாக்கெடுப்பு நடந்தது. விடுதலை வேண்டும் என்று கிட்டத்தட்ட அறுபது லட்சம் ஓட்டு, வேண்டாம் என்று பதினாறாயிரத்துச் சொச்சம். ஜூலை 5-ல் அல்ஜீரியா சுதந்திர நாடு. அதே ஜூலையில்தான் எங்கள் உடன்படிக்கையும் பாரிசில் நிறைவேறியது. ஆகஸ்ட் 16-ல் பத்திரங்கள் கைமாறின. அதைத்தான் கீழூரில் ஒவ்வோர் ஆண்டும் சட்டப்பூர்வ பரிமாற்ற நாள் என்று கொண்டாடுகிறார்கள். ஆக, ஆறு ஆண்டு எங்கள் காகிதம் அல்ஜீரியாக்காரன் போரில் மாட்டிக்கொண்டு கிடந்தது, அவன் ஜெயித்தபோது அதுவும் வெளியே வந்தது. முகம் தெரியாத அந்த மக்களுக்கு நாம் ஒரு நன்றிகூடச் சொன்னதில்லை.

பிரெஞ்சு மொழி மேலோ, அந்த மக்கள் மேலோ எனக்கு எந்தக் கோபமும் கிடையாது. என் சித்தப்பா பிள்ளைகள் பிரெஞ்சுக் குடியுரிமையோடு அங்கேதான் இருக்கிறார்கள், நல்லபடியாக இருக்கிறார்கள். போலீஸ்காரர் தலையில் அந்தச் சிவப்புத் தொப்பியைப் பார்த்தால் எனக்கும் சின்ன வயது ஞாபகம் வந்துவிடும். மஞ்சள் சுவர்களையும் தெருப்பெயர்ப் பலகைகளையும் படம் எடுக்கட்டும், வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அதோடு சவானாவில் செத்தவர்களையும், ஏரிக்கரை கேட்டில் மூட்டை இறக்கி வைத்தவர்களையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

அடுத்த ஆண்டு இந்தப் பக்கத்தைப் போடும்போது தயவுசெய்து கீழூருக்கு ஒரு நிருபரை அனுப்புங்கள். நினைவிடத்தைப் பார்த்துவிட்டு, அக்கம்பக்கத்து ஊர்களில் எண்பது வயதைத் தாண்டியவர்கள் யார் யார் இருக்கிறார்கள் என்று விசாரித்து, அவர்கள் சொல்வதை அவர்கள் பேச்சிலேயே எழுதிக்கொள்ளட்டும். ஆண்டுக்கு ஆண்டு ஆட்கள் குறைகிறார்கள். என் பெரியம்மாவும் பேசுவார், காது கொஞ்சம் மந்தம், பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும். காலையில் பத்து மணிக்கு மேல் வரச் சொல்லுங்கள், அதற்கு முன்னால் மாட்டுக் கொட்டகையில் இருப்பார்.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகன்,
நெட்டப்பாக்கம், புதுச்சேரி.