கே.பி.எஸ். தட்டுகளை அலமாரியில் பூட்டி வைத்திருப்பவர்களுக்கு

பழைய கிராமபோன் தட்டுகளைச் சேகரிக்கும் அன்பர்களுக்கு வணக்கம்.

வீடு வீடாகத் தட்டுகளை எடைக்குப் போட்ட காலத்தில், அவற்றைக் காசு கொடுத்து வாங்கிக் காப்பாற்றியவர்கள் நீங்கள். அந்த நன்றியைச் சொல்லிவிட்டுத்தான் சண்டைக்கு வருகிறேன்: நாடக மேடையில் பாடி நடித்த கே.பி. சுந்தராம்பாளின் பாட்டுகளை முழுதாக வெளியே விடாமல் ஏன் பூட்டி வைத்திருக்கிறீர்கள்?

கே.பி. சுந்தராம்பாள் என்றதும் இன்று எல்லோர் கண்முன்னும் வருவது வெள்ளைச் சேலை, நெற்றி நிறைய விபூதி, கையில் கோல். 1953-இல் ‘ஔவையார்’, 1965-இல் ‘திருவிளையாடல்’. கொடுமுடியில் 1908-இல் பிறந்தவருக்கு ‘ஔவையார்’ வரும்போது ஏறக்குறைய நாற்பத்தைந்து வயது. ஆனால் அவர் பெயரைக் கேட்டதும் ஊரே வண்டி கட்டிக்கொண்டு வந்தது அதற்கும் கால் நூற்றாண்டு முன்பு. ஒலிபெருக்கி இல்லாத நாடகக் கொட்டகையில் கடைசித் தரை டிக்கெட்காரர் வரைக்கும் எட்டிய குரல் அது. அந்தக் குரலைப் படம் பிடிக்க அன்று பேசும்படமே வரவில்லை. எட்டணாவோ ஒரு ரூபாயோ, நீங்கள் கொடுத்து வாங்கிய தட்டுகளில்தான் அது இருக்கிறது.

அவர் கதையை நாம் சொல்லும் விதத்தில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. இவருடைய கணவர், நாடக நடிகர் எஸ்.ஜி. கிட்டப்பா 1933-இல் இருபத்தேழு வயதில் போனார். அதன்பின் இவர் வெள்ளை உடுத்தினார், எந்த ஆண் நடிகரோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவெடுத்தார். இதைப் பக்திக் கதையாகச் சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டோம். துக்கம் இருந்தது, சரி. கூடவே ஒரு தொழில்காரியின் நிபந்தனையும் அதில் இருந்தது என்று எனக்குப் படுகிறது. ‘பக்த நந்தனார்’ எடுக்க வந்தவர்களைத் தட்டிக்கழிக்கத்தான் ஒரு லட்சம் ரூபாய் கேட்டார் என்பார்கள். அவர்களோ சம்மதித்துவிட்டார்கள். 1935-இல் ஒரு லட்சம்! நந்தனாராக அவரே ஆண் வேடம் கட்ட, வேதியராக நடித்தவர் கர்நாடக சங்கீத வித்வான் மகாராஜபுரம் விஸ்வநாத ஐயர். ஜோடி இல்லை, கொடுத்த வாக்கும் மீறவில்லை, சம்பளமும் குறையவில்லை. தன் தொழிலைத் தானே நடத்திய பெண் அவர். காங்கிரஸ் மேடைகளில் பாடியது, சட்ட மேலவை உறுப்பினரானது, 1970-இல் பத்மஸ்ரீ வாங்கியது எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான்.

இப்போது தட்டு விஷயத்துக்கு வருகிறேன். பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம், மிஞ்சினால் மூன்றரை. மேடையில் ஒன்ஸ்மோர் மேல் ஒன்ஸ்மோர் வாங்கி நீண்டுகொண்டே போகும் பாட்டை அந்த மூன்று நிமிடத்துக்குள் அடைக்க வேண்டும். எதை விட்டார், எதை வைத்தார், எந்த இடத்தில் குரலை ஏற்றினார் என்பதை முழுப் பாட்டையும் கேட்டால்தான் புரிந்துகொள்ள முடியும். நீங்கள் வெளியே விடுவதோ நாற்பது விநாடி. அதிலும் சரியாக அவர் மேல் ஸ்தாயிக்குப் போகும் இடத்தில் உங்கள் பெயரைச் சொல்லும் குரல் ஒன்று நுழைகிறது. ஒருவர் லேபிளைக் கட்டைவிரலால் மறைத்துப் படமெடுத்திருந்தார். ஏன் என்று கேட்டேன். தட்டின் எண் தெரிந்தால் வேறு யாராவது தேடிப் பிடித்துவிடுவார்களாம்!

உரிமைச் சிக்கல் வரும் என்கிறீர்கள். இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கு உரிமைக்காலம் வெளியான ஆண்டு முடிந்து அறுபது ஆண்டுகள். முப்பதுகளில் வந்த தட்டுகளுக்கு அது எப்போதோ தீர்ந்துவிட்டது. பாட்டு எழுதியவரின் உரிமை தனி, அது அவர் மறைந்து அறுபது ஆண்டுகள் வரை. இவருக்குப் பாட்டு எழுதித் தந்த மதுரகவி பாஸ்கரதாஸ் 1952-இல் காலமானார், கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளலாம். பிற்காலத்தில் மறைந்தவர்களின் பாடல்கள் இருந்தால் அவற்றை மட்டும் இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள்.

தட்டை யாருக்கும் தூக்கிக் கொடுங்கள் என்று கேட்கவில்லை. அரக்குத் தட்டு, கை தவறினால் இரண்டாகிவிடும் என்பது எனக்கும் தெரியும். இரண்டு பக்கத்தையும் முழுதாகப் பதிவு செய்யுங்கள். பின்னாளில் வந்த எல்.பி. தட்டுக்கான மெல்லிய ஊசியை வைத்து ஓட்டாதீர்கள். அந்தக் காலத்துத் தட்டில் ஊசி ஓடும் காடி அகலம், மெல்லிய ஊசி அடியில் போய் அழுக்கைத்தான் சுரண்டும். இரைச்சலை நீக்குகிறேன் என்று குரலின் ஓரத்தையும் வழித்தெடுத்துவிடாமல், ஓடியபடியே ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். லேபிளைத் தெளிவாகப் படமெடுங்கள். லேபிளை ஒட்டிய வெற்றிடத்தில் பொறித்திருக்கும் மேட்ரிக்ஸ் எண்ணையும், அதாவது அந்தப் பதிவுக்கான எண்ணையும், குறித்துக்கொள்ளுங்கள். ஒரே பாட்டை அவர் இரண்டு முறை பதிந்திருந்தால் அதைக் கண்டுபிடிக்க அந்த எண்தான் உதவும். அப்புறம், உங்கள் பெயரைத் தலைப்பிலேயே பெரிதாகப் போட்டுக்கொள்ளுங்கள், யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. பாட்டின் நடுவில் மட்டும் வேண்டாம்.

கருவி இல்லை என்றால் சொல்லுங்கள். என்னுடையதைத் தூக்கிக்கொண்டு உங்கள் வீட்டுக்கே வருகிறேன். தட்டை நீங்களே வையுங்கள், நீங்களே எடுங்கள். ஊசியை இறக்குவது மட்டும் என் வேலை.

என்னிடம் அவருடைய தட்டு ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. விளிம்பிலிருந்து உள்ளே வரை மயிரிழை விரிசல். நிமிடத்துக்கு எழுபத்தெட்டு முறை ‘டக்’ என்கிறது, அவர் அதைச் சட்டை செய்யாமல் பாடிக்கொண்டே போகிறார். அதே தட்டு விரிசல் இல்லாமல் உங்களில் ஒருவர் அலமாரியில் இருக்கும் என்று நம்புகிறேன்.