குசினிக் கூரையின் உத்திரம்

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்புள்ள மகள்,

நேற்று இரவு நீ கதைத்துவிட்டு ரெலிபோனை வைத்த பிறகு எனக்கு நித்திரையே வரவில்லை. இதையெல்லாம் வாயால் சொல்ல எனக்கு ஒழுங்காக வராது. அதனால்தான் எழுதுகிறேன்.

தம்பி செய்தது பிழைதான். குசினிக் கூரை மாற்ற நீ சுவிஸிலிருந்து அனுப்பிய காசில் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கிவிட்டான். கூரை அப்படியே ஒழுகுகிறது. அவனுக்காக வக்காலத்து வாங்க நான் வரவில்லை. ஆனால் அவனைக் கள்ளன் என்றாய். அந்தச் சொல்தான் என்னைத் தூங்கவிடவில்லை.

2004 இல் கடல் வந்த பிறகு நாவலடிச் சனங்களுக்குத் திராய்மடுவில் வீடு கட்டினார்களே, அங்கே நான் தச்சு வேலைக்குப் போனது உனக்கு ஞாபகம் இருக்கும். என்னோடு வேலை செய்த ஒருவர், பெயர் வேண்டாம், பின்னேரம் வீட்டுக்குப் போகும்போது சாப்பாட்டுப் பெட்டிக்குள் ஆணி போட்டுக்கொண்டு போவார். ஒரு நாள் கண்டுவிட்டேன். எல்லாம் இழந்த சனத்தின் சாமானில் கை வைக்கிறாரே என்று எனக்குக் கொதித்தது. மேற்பார்வையாளரிடம் போய்ச் சொன்னேன். அதோடு விட்டேனா? ஜெபக் கூட்டத்திலும் சொன்னேன். பெயர் சொல்லவில்லை, ஆனால் ஆள் யாரென்று எல்லோருக்கும் விளங்கும்படி சொன்னேன். அடுத்த கிழமை அவரை வேலையிலிருந்து நிற்பாட்டினார்கள்.

அதே மாதம்தான், அங்கே பொது மண்டபத்துக்கு வந்த மரத்தில் மிஞ்சிய ஒரு துண்டை லாண்ட்மாஸ்டரில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். நாலுக்கு ஆறு, பன்னிரண்டடி நீளம். மிஞ்சினதுதானே, கிடந்து உக்கப்போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். யாரிடமும் கேட்கவில்லை. குசினிக்கு உத்திரமாகப் போட்டேன். அதற்குக் கீழே இருந்துதான் நீ புட்டும் மீன்குழம்பும் சாப்பிட்டு வளர்ந்தாய்.

'உன் கண்ணிலிருக்கிற உத்திரத்தை உணராமல், உன் சகோதரன் கண்ணிலிருக்கிற துரும்பைப் பார்க்கிறதென்ன' என்ற வசனத்தை ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகளுக்கு நானே படிப்பித்திருக்கிறேன். தச்சன் என்பதால் உத்திரத்தைக் கரும்பலகையில் கீறியும் காட்டினேன்! அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை.

மூன்று வருடம் கழித்து அந்த மனுஷன் ஒரு மழை நாளில் வீட்டுக்கு வந்தார். அம்மா தேத்தண்ணீர் கொடுத்தா. குடித்துக்கொண்டே மேலே பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தபடி இருந்துவிட்டு, "நல்ல மரம்" என்றார். அவ்வளவுதான். அன்றைக்குத்தான் மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "நானும் ஆணி எடுத்ததுதானே, அண்ணன்" என்றார்.

அதை யோசித்துப் பார் மகள். நான் அவரைப்பற்றிச் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை.

மரம் அரியும்போது கண்ணில் தூள் விழுந்தால் நாமே எடுக்க முடியாது. பக்கத்தில் நிற்கிறவர் இமையை மெல்லப் பிரட்டி, துணி நுனியை ஈரமாக்கி ஒற்றி எடுப்பார். கண் தெரியாதவனிடமோ, கோபத்தில் கை நடுங்குகிறவனிடமோ நீ உன் கண்ணைக் கொடுப்பாயா? இயேசுவும் துரும்பை அப்படியே விட்டுவிடு என்று சொல்லவில்லை. 'பின்பு உன் சகோதரன் கண்ணிலிருக்கிற துரும்பை எடுத்துப்போட வகைபார்ப்பாய்' என்றுதான் வசனம் முடிகிறது. எங்கள் ஆட்களுக்கு அந்தக் கடைசிப் பகுதி ஞாபகம் வராது. தங்களை யாரும் கேள்வி கேட்கும்போது மட்டும் 'நியாயந்தீர்க்காதே' என்பார்கள்.

மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் 1814 இல் மட்டக்களப்புக்கு வந்து தொடங்கிய சபை நம்முடையது. அதற்கு வெகுகாலம் முன்பே, 1738 இல், மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லி சிறு குழுக்களுக்கு விதிகள் எழுதினார். கிழமைக்கு ஒரு தடவை கூடி, அவரவர் தான் செய்த பாவத்தை அவரவரே சொல்லவேண்டும். சேர வருகிறவரிடம் முதலிலேயே ஒரு கேள்வி: உன் குற்றங்களை மற்றவர்கள் உனக்குச் சொல்ல நீ விரும்புகிறாயா? இப்போது அப்படிக் கேட்டால் எங்கள் சபையில் எத்தனை பேர் மிஞ்சுவார்களோ!

சரி, உன்னிடமும் அதைக் கேட்டுவிட்டே இதைச் சொல்கிறேன் என்று வைத்துக்கொள். நீ 2016 இல் போகும்போது அம்மாவின் இரண்டு காப்பையும் அடகு வைத்தோம். மீட்டுத் தருவேன் என்றாய். முதல் வருடங்களில் உனக்கும் கஷ்டம், பிறகு மறந்துபோனாய். அம்மா கேட்கவும் இல்லை. உயர்தரப் படிப்பை விட்டுவிட்டு, மேசனுக்குக் கையாளாகப் போய், தம்பிதான் அதை மீட்டான். உன்னிடம் சொல்லவேண்டாம் என்றும் அவன்தான் சொன்னான். இன்று நான் அந்த வாக்கை மீறிவிட்டேன்.

வருகிற ஞாயிறு திருவிருந்து. தன்னைத்தானே சோதித்தறிந்து வரும்படிதான் பவுல் எழுதியிருக்கிறார், பக்கத்து வாங்கில் இருப்பவரைச் சோதித்து அல்ல. அதற்கு முன் தம்பியோடு கதை. மோட்டார் சைக்கிளைப் பற்றியும் கேள், கட்டாயம் கேள். காப்பிலிருந்து தொடங்கு.

இங்கே மாரி தொடங்கிவிட்டது. உத்திரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, ஓடுதான் ஒழுகுகிறது. கீழே சருவச்சட்டி வைத்திருக்கிறேன். இருட்டில் அம்மா அதைக் காலால் தட்டிவிட்டு என்னை ஏசுகிறா.

அப்பா