ஷெட்யூல் மாறினா மட்டும் பேங்க் அக்கவுன்ட் கிடைச்சுடாது

ஆசிரியருக்கு வணக்கம்,

அமெரிக்கால மத்திய அரசு போதைப்பொருள எல்லாம் ஷெட்யூல்னு பட்டியல் போட்டு பிரிச்சு வச்சிருக்கு, 1 தான் ரொம்பக் கடுமையானது. கஞ்சாவ அந்த ஷெட்யூல் 1ல இருந்து 3க்கு சீக்கிரம் மாத்தச் சொல்லி 2025 டிசம்பர்ல ட்ரம்ப் உத்தரவு போட்டதுல இருந்து, இனிமே மாநில அரசுகிட்ட லைசன்ஸ் வாங்கின கஞ்சா கடைக்காரங்களுக்கு பேங்க் பிரச்சனையே இல்லன்னு நிறைய பேர் சொல்றாங்க. அது தப்புங்க.

ஷெட்யூல் மாறினா குறையறது வரி. அங்க வருமான வரிச் சட்டத்துல 280இ-ன்னு ஒரு பிரிவு இருக்கு, அதுபடி ஷெட்யூல் 1, 2 சரக்கு விக்கிறவங்க கடை வாடகை, ஆள் சம்பளம் எதையும் செலவுக் கணக்குல கழிக்க முடியாது, நஷ்டத்துல ஓடுற கடை கூட வரி கட்டியாகணும். 3க்கு வந்துட்டா அந்தச் சுமை இறங்கிடும், பெரிய நிம்மதி தான்.

ஆனா பேங்குக்கு பயம் வேற. ஷெட்யூல் 3 மருந்துன்னா டாக்டர் சீட்டு வேணும், விக்கிறவங்க மத்திய போதைத் தடுப்பு அமைப்பான டிஇஏல பதிஞ்சிருக்கணும். கொலராடோ மாதிரி மாநிலங்கள்ல சீட்டே இல்லாம, வயச மட்டும் பாத்துட்டு விக்கிற கடை மத்திய சட்டப்படி அப்பவும் குற்றம் தான், அந்தப் பணத்த வாங்கி வச்சா சட்டவிரோதப் பணப் பரிமாற்ற கேஸ்ல மாட்டுவோமோன்னு பேங்க் யோசிக்கும்ல. 2014ல இந்த மாதிரி பணக் குற்றங்கள கண்காணிக்கிற மத்திய அமைப்பு ஃபின்சென் ஒரு வழிமுறை குடுத்துச்சு, அக்கவுன்ட் வச்சுக்கலாம் ஆனா சந்தேகப் பரிவர்த்தனைன்னு விடாம ரிப்போர்ட் அனுப்பிட்டே இருக்கணும். இந்த வேலைய சின்ன பேங்க் எத்தன தாங்கும்? தாங்குறவங்க மாசாமாசம் கடைக்காரங்ககிட்டயே கட்டணமா வாங்கிடறாங்க. கிரெடிட் கார்டும் கிடையாது, 2023ல மாஸ்டர்கார்டு டெபிட் கார்டையும் நிறுத்தச் சொல்லிடுச்சு.

அதனால கல்லாவுல சேர்றது பூரா நோட்டு. ராத்திரி கடை மூடினதும் யாராவது அத எண்ணி, பையில போட்டு, தூக்கிட்டுப் போயாகணும். 2016ல கொலராடோவுல அரோரா ஊர்ல ஒரு கடையில கொள்ளையடிக்க வந்தவங்க காவலுக்கு நின்ன பையனையே சுட்டுக் கொன்னுட்டாங்க, 24 வயசு. கஞ்சா நல்லதா கெட்டதாங்கற சண்டை ஒரு பக்கம் இருக்கட்டும், சம்பளத்துக்கு நிக்கிறவன் உயிர் ஏன் போகணும்?

இதுக்குன்னே சேஃப் பேங்கிங்னு ஒரு மசோதா இருக்கு, இன்னும் சட்டமாகல, லைசன்ஸ் வாங்கின கடைக்கு அக்கவுன்ட் குடுத்தா பேங்க் மேல நடவடிக்கை கூடாதுன்னு சொல்லுது. கீழவையில 7 தடவ பாஸ் ஆயிருக்கு. செனட் கமிட்டி கூட 2023 செப்டம்பர்ல சேஃபர்னு பேர் மாத்தி அனுப்பி வச்சுச்சு, முழு சபைல ஓட்டுக்கே வரல.

அடுத்த தடவ ஷெட்யூல் பத்தி செய்தி போடும்போது இந்த மசோதா எந்த நிலைமைல இருக்குன்னும் ரெண்டு வரி சேத்துப் போடுங்க.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்