கிழிச்ச பக்கத்தோட வர்ற குடும்பக் கதை வேணாம்

ஆசிரியருக்கு வணக்கம். அரசியல் குடும்பத்து வாரிசுங்க எழுதுற நினைவுக் குறிப்புகள் பத்தி ஞாயிறு இதழ்ல வந்த கட்டுரைய படிச்சேன், ரொம்ப தேவையான கட்டுரை, ஆனா நயன்தாரா சாகல் பேரையே காணோமேன்னு வருத்தமா இருந்துச்சு. நேருவோட தங்கை விஜயலட்சுமி பண்டிட்டின் மகள் அவங்க, சின்ன வயசுல வீட்டுக்கு போலீஸ் வந்து பெரியவங்கள ஜெயிலுக்கு கூட்டிட்டு போனத பாசத்தோட எழுதினவங்களே 1975ல எமர்ஜென்சி வந்தப்ப சொந்த மாமா மகள் இந்திராவ எதிர்த்தாங்க. பாசம் வேற, உண்மை வேற.

எங்க தாத்தா பஞ்சாயத்து தலைவரா இருந்தவர், அவரோட டைரில எலெக்‌ஷனுக்கு கடன் வாங்குன கணக்கு இருந்த நாலு பக்கத்த மானம் போயிடும்னு சித்தப்பா கிழிச்சிட்டார், தையல் ஓரத்துல ஊதா மை மட்டும் ஒட்டிட்டு இருக்கு, பார்க்கவே மனசு கேக்கல. வாரிசுங்க எழுதுற தொடர் போட்டா, வீட்டுக்குள்ள நடந்த கருத்து மோதலையும் எழுதணும்னு கேட்டு வாங்கிப் போடுங்க சார்.