இன்னொரு பிரதி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். போனில் கூப்பிட்டால் "மீட்டிங் இருக்குப்பா" என்று வைத்துவிடுகிறாய், அதனால் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

தீபாவளிக்கு வீடியோ காலில் உன் மேசையைக் காட்டினாயே, ஒரே ஒரு டைப்-சி ஒயரைச் செருகியதும் லேப்டாப்பில் சார்ஜ் ஏறி, பெரிய மானிட்டரும் எரிந்ததே. ஆபீஸிலும் இதே மாதிரி ஒயர் செருகுகிற டாக் என்ற பெட்டி ஒன்று இருக்கிறது, லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு போனால் விட்ட இடத்திலிருந்து வேலை செய்யலாம் என்றாய். பென்ஷன் சங்கத்தில் நாலு பேரிடமாவது அதைச் சொல்லியிருப்பேன்.

ஆனால் எல்லாம் ஒரே பைக்குள் இருப்பது எனக்குப் பயம்தான். உன் சர்டிபிகேட், பிஎஃப் விவரம், போட்டோ எதையும் ஆபீஸ் லேப்டாப்பில் வைக்காதே. அது அவர்கள் சொத்து, கேட்கிற நாளில் கொடுத்துவிட வேண்டியது. உன்னுடையதைத் தனி ஹார்ட் டிஸ்கில் ஏற்று. அதற்கும் ஒரு பிரதி எடு. மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில் என்று நீதானே எனக்குச் சொல்லிக்கொடுத்தாய்? நீயே செய்யவில்லை. வேறு இடத்துப் பிரதியை இங்கே கொடு, பத்திரப் பெட்டியில் வைக்கிறேன்.

பொங்கலுக்கு நீ கொண்டுவந்தது காலேஜில் சேர்ந்தபோது வாங்கிய லேப்டாப், மூலையில் செல்லோடேப் ஒட்டியது. ஆபீஸ் லேப்டாப் மூடியில் பார்கோடு போட்ட வெள்ளை ஸ்டிக்கர் இருக்கும். அது சர்வீஸுக்குப் போயிருக்கிறது என்றாய். சரி. அம்மா கவனிக்கவில்லை. போன வாரம் சித்தி மகன் வந்தபோது, நீ மானிட்டரை விற்றுவிட்டாய் என்றான். இடம் போதவில்லையாம். பிரதி எடுத்துவிட்டாயா, பாப்பா?

நான் கிளையில் இருந்தபோது அன்றன்றைய கணக்கைப் பிளாப்பியில் ஏற்றிக்கொண்டு தென்காசியிலிருந்து திருநெல்வேலிக்குப் பஸ்ஸில் போவேன், உனக்குத் தெரியும். 1.44 எம்பி, சட்டைப் பையில் அடங்கிவிடும். ஒரு மார்ச் கடைசியில் அங்கே போய்ப் போட்டால் திறக்கவில்லை. கிளையில் ஒரு பிரதி இருக்க வேண்டும். பஸ் போய்விடும் என்று அன்றைக்கு நான் எடுக்கவில்லை. மேனேஜர் கேட்டபோது, எடுத்து அட்டெண்டரிடம் கொடுத்தேன், அவர்தான் தொலைத்துவிட்டார் என்று சொல்லிவிட்டேன். அவருக்கு மெமோ வந்தது. அவர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாயங்காலம் வழக்கம்போல டீ கொண்டுவந்து என் மேசையில் வைத்தார், டம்ளரின் மேல் தாள் மூடி. உன் அம்மாவுக்கும் இது தெரியாது. முதல் நாள் சொல்ல வெட்கமாக இருந்தது, அப்புறம் ஒவ்வொரு நாளும் இன்னும் கஷ்டமாகிவிட்டது. அவர் ரிட்டயர் ஆன அன்று நான் லீவு போட்டுவிட்டேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. ஹார்ட் டிஸ்க் வாங்க உன் கணக்கில் 20,000 போட்டிருக்கிறேன். அவ்வளவு ஆகாது என்று தெரியும், மீதியை வைத்துக்கொள். மாடி அறையைச் சுத்தம் பண்ணியாகிவிட்டது. ஜன்னல் பக்கம் மேசையை நகர்த்தி, இரண்டு பிளக் பாயிண்ட் போட்டிருக்கிறேன். நெட் கனெக்‌ஷனுக்கும் சொல்லிவிட்டேன். அந்த டைப்-சி ஒயர் உன்னிடம்தானே இருக்கிறது?

அப்பா